மருத்துவர் பக்கம்: கறுப்பாகப் போனால் அது சூடு அன்று



திருத்தணி மலையடிவாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நான் அறிவேன். அந்த ஒரே வீட்டில் மூவருக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. முதலில் பாட்டனாருக்கு, பிறகு பாட்டிக்கு, அண்மையில் பேரனுக்கு. வெளியே தெரிந்த அடையாளம் மூவருக்கும் ஒன்றே. உள்ளே இருந்த காரணமோ மூவருக்கும் வெவ்வேறு. பெற்ற வைத்தியமும் வெவ்வேறு. அவர்களுடைய இசைவைப் பெற்று, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, இம்மாதம் அந்த வரலாற்றை எழுதுகிறேன். இரைப்பையும் குடலும் கடந்த அரை நூற்றாண்டில் கண்ட மாற்றமெல்லாம் அந்த ஒரு வீட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

பாட்டனார் கைத்தறி நெசவாளர். அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டைப் பக்கங்களில் இன்று ஓயாமல் இரையும் விசைத்தறிகள் பெருகாத காலம் அது. 1976-இல் அவருக்கு வயது 38. பசி வேளையில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும். நள்ளிரவு ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு வலி அவரை எழுப்பிவிடும். எழுந்து பானையிலுள்ள பழைய சோற்றில் ஒரு பிடி உண்டால் அடங்கும். நாட்டு வைத்தியர் அதைக் குன்மம் என்றார். அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்த இளம் மருத்துவனாகிய நான் குடற்புண் என்றேன். இருவரும் சொன்னது ஒரே நோயைத்தான். மணிக்கொரு முறை பால் குடிக்கச் சொன்னவனும் நான்தான். சிகாகோ நகரத்து மருத்துவர் சிப்பி என்பவர் 1915-இல் வகுத்த முறை அது. நாங்கள் கல்லூரியில் வேதவாக்காகப் படித்தது. பால் முதலில் அமிலத்தைத் தணிக்கும், சிறிது நேரம் சென்றபின் இரைப்பையைத் தூண்டி முன்னிலும் அதிகமாக அமிலத்தைச் சுரக்கச் செய்யும் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தக் குடும்பம் எனக்காகப் பாலுக்குச் செலவழித்த காசை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் காலை அவர் தறிக்குழியிலேயே சாய்ந்துவிட்டார். காப்பித்தூளைக் கரைத்தாற்போல வாந்தி. உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. மாட்டு வண்டியில் நிலையத்துக்குக் கொண்டுபோய், இரயிலேற்றிச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தோம். அங்கே இரத்தத்துக்கு அலைய வேண்டியிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு இரத்தம் விற்பவர்கள் ஆஸ்பத்திரி வாசல்களில் நின்ற காலம் அது. உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 சனவரி முதல்தான் அந்த வாணிபம் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. வயிற்றைத் திறந்து, புண்ணில் வாய் திறந்திருந்த இரத்தக் குழாயைத் தைத்து, அமிலத்தைத் தூண்டும் நரம்புகளை அறுத்து, இரைப்பையைக் கீழ்க்குடலோடு இணைத்துவிட்டார்கள். பிழைத்தார். ஆறு வாரம் தறியில் உட்காரவில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஓடிய அந்தத் தழும்பை 2009-இல் இறக்கும்வரை வீட்டுக்கு வருவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வயிற்றில் கத்தி வைத்த அதே 1976-இல்தான் இங்கிலாந்தில் சிமெடிடின் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பை நேரடியாகக் குறைத்த முதல் மருந்துகளில் அது ஒன்று. அதைக் கண்டறிந்தவர்களுள் தலைமையானவராகிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அதனினும் வலிய ஒமிப்ரசோல் வெளிவந்ததும் அந்த 1988-இலேயே. திருத்தணி நெசவாளருக்கு இவையெல்லாம் காலம் கடந்து வந்தன.

அக்காலத்தில் நம் தென்னாட்டில் இந்தப் புண் வீட்டுக்கு வீடு இருந்தது என்றால் மிகையாகாது. 1922-இல் எவரெஸ்ட் மலையேறச் சென்ற குழுவிலிருந்த சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், நாடு திரும்புமுன் தெற்கே நெய்யூர் மிஷன் மருத்துவமனையைக் காண வந்தார். அங்கே காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, இலண்டனில் கிடைக்கக்கூடிய பெருவாழ்வை விட்டுவிட்டு, நெய்யூருக்கே பணிபுரிய வந்து சேர்ந்தார். அவரிடம் வந்தவர்களில் குடற்புண் நோயாளிகள் ஏராளம்; அவர்களுக்கு அவர் செய்த அறுவைகளைப் பற்றிய கட்டுரைகள் பிரிட்டிஷ் மருத்துவ ஏடுகளில் வந்தன. பின்னாளில் நமக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை ஆசிரியராக இருந்தார்.

மைசூரில் பணிபுரிந்த பிராங்க் டோவி என்பவர் வேறொன்றைக் கவனித்தார். அரிசி உண்ணும் தெற்கில் இந்தப் புண் மிகுதி; கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு. காரத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு இது புதுமை. மிளகாய் பஞ்சாபிலும் உண்டு அல்லவா? அவரும் அவருடன் உழைத்தவர்களும் எலிகளில் சோதித்தபோது, கொள்ளிலுள்ள கொழுப்புச் சத்து இரைப்பையைப் புண்ணாகாமல் காத்தது தெரிந்தது. குதிரைக்குப் போடும் கொள்ளு என்று நாம் ஒதுக்கியதற்கு இப்படி ஒரு மதிப்பு! கொள்ளு இரசம் வைத்துக் குடித்தால் புண் ஆறிவிடும் என்று நான் சொன்னதாக மட்டும் யாரும் ஊரில் சொல்லவேண்டா. எலியில் கண்டது எலியில் கண்டதுதான்.

உண்மையான திருப்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நிகழ்ந்தது. ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் வல்லுநர் 1979-இல் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் எந்தக் கிருமி உயிர்வாழும் என்று பிறர் எள்ளினர். பாரி மார்ஷல் என்ற இளைஞர் மட்டும் அவருடன் சேர்ந்து அக்கிருமியை வளர்க்க முயன்றார். தட்டுத் தட்டாக வைத்தும் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். 1982-இல் உயிர்ப்புத் திருநாள் விடுமுறையில் ஆய்வுக்கூடத்தார் தட்டுகளை எறிய மறந்து போய்விட்டனர். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அதற்கு நாள் அதிகம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்படியும் உலகம் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அக்கிருமியைக் கரைத்துத் தாமே குடித்தார். சில நாள்களில் இரைப்பை அழற்சி கண்டு வாந்தியெடுத்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கவலையாலும் காரத்தாலும் வருவது, ஆயுளுக்கும் தீராதது என்று நாங்கள் சொல்லிவந்த நோய், இரண்டு வார மாத்திரைக்கு அடங்கும் தொற்று நோயாகிவிட்டது. அமிலம் குறைக்கும் மருந்தும் கிருமி கொல்லும் மருந்துகளும் சேர்த்துத் தருகிறோம். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்துகிறவர்கள் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அடுத்த முறை அதே மருந்து அதனிடம் செல்லாது. கிருமி இருக்கிற எல்லாருக்கும் புண் வருவதுமில்லை. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் அது குடியிருக்கிறது.

இதன் பலனை வேலூர்க் கல்லூரியின் ஏடுகளிலேயே காணலாம். எண்டாஸ்கோப்பிச் சோதனைக்கு அங்கு வந்தவர்களில் 1988-இல் 100-க்கு 12 பேருக்கு முன்சிறுகுடலில் புண் இருந்தது. 2008-இல் 3 பேருக்கும் குறைவு. இரைப்பையில் புண் உள்ளோர் 4.5-இலிருந்து 2.7-க்கு மட்டுமே இறங்கினர். இந்தக் கணக்கு 2012-இல் அச்சில் வந்தது. முன்சிறுகுடற் புண் நாலில் ஒரு பங்காகச் சுருங்கியபோது இரைப்பைப் புண் ஏன் அவ்வளவு சுருங்கவில்லை? அதற்குப் பாட்டியிடம் வரவேண்டும்.

பாட்டி மலைப்படிக்கட்டின் அருகே பூக்கடை வைத்திருப்பவர். ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 படிகள் என்பார்களே, அந்தப் படிகள்தாம். நாள் முழுதும் மணையில் குந்தியிருந்து இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. 2018-இல் ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, என்னைப் பார்க்க மெல்ல நடந்து வந்தார். வயது 72. முகம் வெளுத்திருந்தது. நாடி நிமிடத்துக்கு 120 ஓடியது.

"வெளிக்கு எப்படிப் போகிறது அம்மா?" என்றேன்.

"ஒரு வாரமாக் கறுப்பாத்தான் போவுது டாக்டரையா. சூடு பிடிச்சிருக்கும்னு இளநீ குடிச்சேன்."

"மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

"ஒண்ணும் இல்லீங்க." சற்று நேரம் கழித்து, "கால் வலி மாத்திரைதான். அது மாத்திரையா?" என்றார்.

காலையொன்று மாலையொன்றாக ஐந்து மாதம் டைக்ளோபினாக். எழுதிக் கொடுத்த மருத்துவர் ஒருவருமில்லை; மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புதியதைத் தருவார்கள். அதனோடு இதயத்துக்காக நாள்தோறும் சிறிய ஆஸ்பிரின் வேறு.

வலி மாத்திரை எப்படிப் புண்ணாக்குகிறது என்பதை 1971-இல் ஜான் வேன் என்பவர் காட்டினார். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்களை ஆஸ்பிரின் இனத்து மருந்துகள் உடலில் உருவாகவிடாமல் தடுக்கின்றன. அதே இனத்துப் பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலத்தால் போர்த்திக் காப்பவை. வலியும் போகிறது, போர்வையும் போகிறது. ஆதலால் 'சாப்பாட்டுக்குப் பின் போட்டால் ஒன்றும் செய்யாது' என்பதும், 'ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தாக்காது' என்பதும் வீண் ஆறுதல்களே. இரத்தத்தில் கலந்தும் அது இரைப்பைக்கு வந்து சேர்கிறது. இன்னொரு சங்கடம், இம்மருந்து வலியையே மழுங்கடிப்பதால் புண் இருப்பது தெரிவதில்லை. பாட்டனாரைப் புண் இரவுதோறும் எழுப்பி எச்சரித்தது. பாட்டிக்கு எச்சரிக்கை ஏதுமில்லை, நேராக இரத்தம்.

இன்று வயது முதிர்ந்தவர்களுக்கு இரைப்பையில் இரத்தம் கசிந்தால், நாங்கள் முதலில் கேட்பது உணவைப் பற்றியன்று. மாத்திரைப் பெட்டியைப் பற்றியே. மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் போதுமானால் அதுவே பாதுகாப்பு. வலி மாத்திரை கட்டாயம் வேண்டுமெனில், வயதும் ஆஸ்பிரினும் உள்ளவர்க்கு அமிலம் குறைக்கும் மாத்திரையையும் சேர்த்தே தரவேண்டும். சந்தையில் பொட்டலமாக விற்கும் பெயரற்ற மூட்டுவலிப் பொடிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரே வேளையில் குணம் தெரிகிறதே என்பதுதான் என் ஐயத்துக்குக் காரணம். இதயத்துக்கு ஆஸ்பிரின் உண்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடக் கூடாது. அது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். அந்த முடிவு மருத்துவருடையது.

பாட்டிக்கு மாட்டு வண்டி தேவைப்படவில்லை. 2008 செப்டம்பர் முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஊர்தி வந்து வேலூருக்கு ஏற்றிச் சென்றது. போய்ச் சேர்ந்ததும் பெண்மக்கள் மூவரும் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் குறைப்பட்டனர். இரத்தம் ஒரு பாட்டில்தான் ஏற்றினார்களாம். குழாயும் உடனே விடவில்லையாம்.

அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இரத்தம் எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்றே நாங்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பார்சிலோனாவில் 921 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் இறங்கினால் மட்டும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 100-க்கு 95 பேர் ஆறு வாரத்தில் உயிரோடிருந்தனர்; 9 கிராமுக்குக் கீழ் வந்தவுடனே ஏற்றப்பட்டவர்களில் 91 பேர். ஆறாகப் பெருகி ஓடுவோரை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அள்ளித்தான் கொடுக்கவேண்டும். அவ்வாறே, ஆறு மணிக்குள் எண்டாஸ்கோப்பி செய்தால் கூடுதலாக உயிர் காக்கலாமா என்று ஹாங்காங்கில் 516 பேரிடம் பார்த்தனர். 2020-இல் வந்த விடை, இல்லை என்பதே. முதலில் இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்திவிட்டு 24 மணிக்குள் செய்தால் போதும். இரத்தம் உறையச் செய்யும் டிரானெக்சாமிக் அமிலத்தைப் பல நாடுகளில் 12,009 பேரிடம் சோதித்து, அதனால் உயிர்ச்சேதம் குறையவில்லை என்று அதே ஆண்டில் கண்டனர். ஆக, வைத்தியர் கைகட்டி நிற்பதுபோல் தோன்றும் வேளையில், அவர் தெரிந்தே நிற்கிறார் என்று கொள்ளலாம்.

எண்டாஸ்கோப்பி என்பது ஒளி செல்லும் வளைகுழாய். 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் அமெரிக்காவில் அதை முதலில் பயன்படுத்தியபோது வெறுமனே பார்க்க மட்டும்தான் உதவிற்று. இன்று அதன் வழியே ஊசி போடலாம், சுடலாம், சிறு உலோகக் கவ்வியால் குழாயைக் கவ்விப் பிடிக்கலாம். பாட்டிக்கு இரைப்பைப் புண்ணைச் சுற்றி அட்ரினலின் ஊசி போட்டு, மேலே ஒரு கவ்வி வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர் காட்டிய தழும்பைப்போலக் காட்ட ஏதுமில்லையே என்று அவருக்கு உள்ளூரக் குறைதான். இவ்வளவு முன்னேறியும், பெருங்கசிவோடு வருவோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்து வந்தது பல நாட்டுக் கணக்குகளிலும் நெடுங்காலம் எளிதில் குறையவில்லை. முன்பு 38 வயதில் வந்தார்கள். இப்போது 72-இல், இதய நோயும் சிறுநீரக நோயும் சுமந்து வருகிறார்கள்.

பேரனின் கதை வேறு. வயது 34, புண்ணே கிடையாது. 2022-இல் ஒரு மாலை, வாந்தியில் கட்டி கட்டியாகச் செந்நிற இரத்தம்.

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால், குடலிலிருந்து அதற்குள் வரும் இரத்தம் வழியின்றித் தேங்கும். மதகு அடைபட்ட ஏரியில் நீர் ஏறிக் கரையின் இளைத்த இடத்தைத் தேடுவதுபோல, அந்த இரத்தம் உணவுக்குழலின் அடியிலுள்ள மெல்லிய நாளங்களுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்யும். ஒரு நாள் உடையும். புண்ணால் வரும் கசிவு குறையக் குறைய, நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இந்த நாள உடைப்பே முன்னணிக்கு வந்துவிட்டது. காரணங்களுள் குடி பெரிது. பேரனுக்கும் அதுதான். ஆனால் குடியாதவர்க்கும் பி, சி வகை மஞ்சட்காமாலைக் கிருமிகளாலும், சர்க்கரை நோயும் உடற்பருமனும் கொண்டுவரும் கொழுப்புக் கல்லீரலாலும் இது வரும். கல்லீரலுக்குச் செல்லும் நாளம் அடைபட்டுச் சிறு குழந்தைகளுக்குக்கூட வரும். ஆகவே இரத்த வாந்தி எடுத்தவரையெல்லாம் குடிகாரர் என்று முத்திரை குத்துவது அநியாயம். குடியாத ஓர் உபதேசியார் இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே இரண்டு நாள் தம் நோயை மறைத்ததை நான் அறிவேன்.

குடிப்பவர்களைப் பற்றி ஒன்று. புனித சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு வயிற்றின் பொருட்டுத் திராட்சை இரசத்தைப் பரிந்துரைத்ததை எடுத்துக்காட்டி என்னிடம் வழக்காடிய பங்கு மக்கள் உண்டு. 'சிறிது' என்று அங்கே இருப்பதை அவர்களுள் எவரும் சேர்த்துச் சொன்னதில்லை.

1950 முதல் இதற்கு இருந்த வைத்தியம், மூக்கின் வழியே பலூன் வைத்த குழாயைச் செலுத்தி, ஊதி, உள்ளே அழுத்திப் பிடிப்பது. நோயாளி படும் பாட்டைக் காணச் சகிக்காது. வேறு வழியின்றி இன்றும் சில வேளை செய்கிறோம். 1980-களின் பிற்பகுதியில் வளையமிடும் முறை வந்தது. எண்டாஸ்கோப்பி வழியே புடைத்த நாளத்தை உறிஞ்சிப் பிடித்து, அதன் கழுத்தில் சிறு இரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். நாளம் வாடி உதிர்ந்துவிடும். நாள அழுத்தத்தைத் தணிக்கும் ஊசியும், கிருமி கொல்லும் மருந்தும் உடன் தருவார்கள். கல்லீரல் நோயாளிக்கு இரத்தப்போக்கின்போது தொற்று எளிதில் சேர்ந்து உயிரைப் பறிப்பதால் பின்னது இன்றியமையாதது. ஒருமுறை வளையமிட்டால் முடிந்தது என்பதில்லை; நாளங்கள் முற்றும் மறையும்வரை சில வாரங்களுக்கொருமுறை போகவேண்டும். அங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது கறுப்பு மலத்தை. தார்போல ஒட்டும், துர்நாற்றம் வீசும். இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் அது இப்படிப் பிசுபிசுக்காது, இவ்வளவு நாறாது. உள்ளே சுமார் 50 மில்லி இரத்தம் கசிந்தாலே, அதாவது அரைக்கால் படிக்கும் குறைவாகவே, நிறம் மாறிவிடும். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், கசிவு பெரிதாகிவிட்டது என்று கொள்க. அன்று பாலும் வேண்டா, இளநீரும் வேண்டா. வாய்வழி ஒன்றும் கொடாமல், வாந்தி மூச்சுக்குழலில் ஏறாதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம், மறைத்து வைத்தவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பை எங்களுக்கு அரை மணி நேர விசாரணையை மிச்சப்படுத்தும்.

பேரனுக்கு இதுவரை மூன்று முறை வளையமிட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு முறை அவன் போகவில்லை. குடியும் ஒரு முறை திரும்பி வந்தது. இப்போது மருத்துவமனைச் சீட்டைப் பாட்டி தம்மிடம் வாங்கிவைத்துக்கொண்டார். குறித்த நாளன்று விடியுமுன் பூக்கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, தேய்ந்த முழங்கால்களோடு, அவனைக் கையைப் பிடித்து வேலூர்ப் பேருந்தில் ஏற்றித் தாமும் ஏறிக்கொள்கிறார்.